பசியை அடக்கும் குளிசை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சலரோகமும் பிரஷரும் பேசப்படும் யாழ்ப்பாண வீடுகளில் இப்போது பசியைக் குறைக்கும் மருந்துகளும் பேச்சுக்கு வந்துவிட்டன. அந்தப் பேச்சில் அடிபடும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பசியை அடக்க மனவுறுதி போதும்.

உண்மை: சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹோர்மோன், போதும் என்று மூளைக்கு அறிவிக்கிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே அது சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, எளிதில் சிதையாமல் நிற்கும் மூலக்கூறு ஒன்று 1990களில் அமெரிக்காவின் கீலா பல்லியின் நஞ்சில் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைட் 2005இல் நீரிழிவு மருந்தானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த செமாகுளுடைட் ஊசியை 1,961 பேரிடம் 68 வாரம் பரிசோதித்தபோது, மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களுக்கு 2.4 சதவீதமே குறைந்தது. பசி உடலின் வேலை. பருமனானவரைச் சோம்பேறி என்று பழிப்பது அநியாயம்.

நம்பிக்கை 2: பனாட்டிலும் கொறுக்காய்ப்புளியிலும் மருந்து இருக்கிறது, அவற்றைச் சாப்பிட்டாலே மெலியலாம்.

உண்மை: பனங்களியைப் பாயில் பரவிக் காயவைத்த பனாட்டின் இலேசான கைப்புக்குக் காரணம் பிளாபெலிபெரின் என்ற சேர்மங்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை எலிகளின் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதைக் கண்டார்கள். மதிப்புள்ள ஆய்வுதான். ஆனால் அது பசியைப் பற்றியதல்ல. பனாட்டிலோ சீனியும் உண்டு. கொறுக்காய் இனத்துப் பழத்திலிருந்து எடுத்த அமிலத்தை 1998இல் 135 பேரிடம் 12 வாரம் பரிசோதித்தார்கள். போலிக் குளிசையைவிட அது எடையைக் குறைக்கவில்லை.

நம்பிக்கை 3: மூலிகைக் குளிசையால் தீங்கு வராது.

உண்மை: பசியடக்கியான சிபுட்ராமின், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவது தெரியவந்ததால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகும் ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட பல மெலிவுக் குளிசைகளில் அது ஒளிந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

நம்பிக்கை 4: சில மாதம் ஊசி போட்டு மெலிந்தால் பிறகு கவலையில்லை.

உண்மை: செமாகுளுடைட்டை நிறுத்தியவர்கள், குறைத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றார்கள். மருந்தைப் பாவிக்கும்போது குமட்டல், வாந்தி, மலச்சிக்கலும் வரலாம். கர்ப்பிணிகள் இதைப் பாவிக்கக்கூடாது.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் ஊசியைப் பங்கிட்டுப் போடாதீர்கள். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவில்லாத குளிசையை வாங்காதீர்கள். ஆசியர்களுக்கு உடல் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் சுட்டியைத் தெரிந்துகொண்டு, முதலில் உங்கள் வைத்தியரிடம் போங்கள்.