நாவல் தர மறுத்தது

அன்புள்ள மலர்விழிக்கு,

'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்த கையோடு நீ எழுதிய நீண்ட பட்டியல் கிடைத்தது. மணிமேகலை எங்கே போனாள், சேந்தன் அமுதனைப் பற்றிய திருப்பத்தை ஏன் விட்டார்கள், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்க வேண்டிய கதை போர்க்களத்தில் தொடங்குவானேன் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விகள்தான். ஆனால் காணாமல்போனவற்றை எண்ணிக்கொண்டே போனால் உலகத்தில் எந்தப் படமும் தேறாது. கல்கி அந்தக் கதையை 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், வாரம் தவறாமல் எழுதினார். படமோ இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். வெட்டாமல் எடுக்க வழியே கிடையாது. ஆகவே வேறொன்றைக் கவனிக்கப் பழகு. நல்ல நாவல் எதுவும் வாசகர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடாது. ஒரு விடையையோ, ஓர் ஆறுதலையோ, கைதட்ட ஓர் இடத்தையோ வேண்டுமென்றே தராமல் வைத்துக்கொள்ளும். படம் எடுத்தவர் அந்த மறுப்பைக் காப்பாற்றினாரா அல்லது வாரி வழங்கிவிட்டாரா என்று பார். என் கணக்கில் மூலத்துக்கு உண்மையாக இருப்பது அதில்தான் இருக்கிறது.

நீயே கடைசியில் கேட்டிருக்கும் 'அசுரன்' இதைப் பேசத் தோதான படம், ஏனென்றால் அது நல்ல படம். அதன் மூலமான பூமணியின் 'வெக்கை' நாவல் 1982இல் வந்தது. சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன், தன் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் நாவல் தொடங்குகிறது. கையை மட்டும் துண்டாக்க நினைத்தான், ஆள் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு பெரிய சம்பவம் என்று எதுவும் கிடையாது. அய்யாவும் மகனும் சில நாட்கள் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள். எங்கே படுப்பது, யாரை நம்பித் தகவல் அனுப்புவது என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுவதால் பழிவாங்கலுக்காகக் காத்திருக்கும் சுகம் நமக்கு வாய்ப்பதில்லை. அய்யாவின் பழைய கதை வருகிறது, ஆனால் பேச்சோடு பேச்சாக வந்து போய்விடுகிறது. பையன் செய்தது சரியா தப்பா என்று பூமணி தீர்ப்பு எழுதுவதில்லை. ஒரு சிறுவனைக் கொலைவரை கொண்டுவந்து நிறுத்திய ஊர், இனி சட்டத்தின் பெயரால் அவனை என்ன செய்யப்போகிறது என்ற பயம்தான் புத்தகத்தை மூடும்போது நமக்கு மிஞ்சுவது.

வெற்றிமாறன் 2019இல் இதைப் படமாக்கியபோது கதையின் பாரத்தைப் பையனின் தோளிலிருந்து தகப்பனின் தோளுக்கு மாற்றினார். தகப்பன் சிவசாமி குடிக்கிறார், எல்லோருக்கும் பணிந்து போகிறார், மகன் அவரைக் கோழை என்று நினைக்கிறான். மகனுக்கு ஆபத்து வந்ததும் அதே மனிதர் தனியாளாக நின்று அத்தனை பேரையும் சாய்க்கிறார், தியேட்டர் அதிர்கிறது. பிறகு நீண்ட முன்கதை: பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், காலில் செருப்புப் போட்டதற்காக ஒரு பெண்ணுக்கு நேரும் அவமானம், குடிசைகளோடு சேர்த்து மனிதர்களைக் கொளுத்துவது. 1968 கீழ்வெண்மணியை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. முடிவில் தகப்பன் கொலைப்பழியைத் தானே சுமந்துகொண்டு, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குள் போகிறார்.

இங்கே இரண்டு வேறு காரியங்கள் நடந்திருக்கின்றன, ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளாதே. நில வரலாற்றைச் சேர்த்தது ஒன்று. பூமணி சாதிப் பெயர் எதையும் எழுதாமலே கதையை நடத்தினார். அதை நாவலின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் நிலம், யார் கை ஓங்கியிருக்கிறது என்பது எந்த வாசகருக்கும் புரியும்படித்தான் அவர் எழுதியிருக்கிறார். ஆனாலும் படம் அந்த வரலாற்றை வாய்விட்டுச் சொன்னதில் நாவலுக்கு எந்தத் துரோகமும் இல்லை. நாவலின் அடியில் ஓடியது மேலே வந்தது, அவ்வளவுதான். நாயகனைச் சேர்த்தது இரண்டாவது. நாவல் நமக்குத் தர மறுத்த கைதட்டல் அதனோடு வந்து சேர்ந்துவிட்டது. சிவசாமி ஓங்கும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு கொடுமையைக் காட்டி நம்மிடம் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள். சிதம்பரத்தின் குற்றத்தைத் தகப்பன் வாங்கிக்கொண்டதும், அந்தப் பையனை என்ன செய்வது என்ற கேள்வியும் நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. நாவலின் உயிரே அந்தக் கேள்விதான்.

'சிவசாமியாக வரும் தனுஷ் மாதிரி ஒரு நடிகர் இல்லாவிட்டால் அந்தப் படத்துக்குப் பணம் போட யார் வருவார்கள்?' என்று நீ கேட்பாய். வரமாட்டார்கள். பெரிய நடிகர் வந்தால் கதை அவரைச் சுற்றிக்கொள்ளும் என்பது நம் சினிமாவின் பொருளாதாரம். அதற்காக வெற்றிமாறனை நான் திட்டப்போவதில்லை. மாற்றத்துக்குக் காரணம் புரிந்தால் மன்னிக்கலாம், ஆனால் மாறியது மாறவில்லை என்று ஆகிவிடாது. வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அதே இயக்குநரின் 'விசாரணை' இருக்கிறது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூர் போலீஸ் லாக்கப்பில் தாம் பட்ட சித்திரவதையை எழுதிய 'லாக்கப்' என்ற புத்தகம்தான் அதன் மூலம். படத்தின் பிற்பாதி அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. சந்திரகுமார் உயிரோடு வெளியே வந்து புத்தகம் எழுதினார். படத்தில் வருகிறவர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். உன் பட்டியலின்படி இது 'அசுரன்' படத்தைவிடப் பெரிய குற்றம். ஆனால் அடி வாங்குபவன் வெல்லும் தருணத்தைப் புத்தகமும் தரவில்லை, படமும் தரவில்லை. ஒரு பாட்டுக்கூட இல்லாமல் அந்த இறுக்கம் கடைசிவரை தளராமல் நிற்கிறது. பாதிக் கதையைப் புதிதாக எழுதிய பிறகும் அது 'லாக்கப்' புத்தகத்தின் படமாகவே இருக்கிறது.

இதைவிடத் துணிச்சலானது மகேந்திரன் 1979இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யோடு ஒப்பிட்டால், சுந்தரவடிவேலு என்ற பெயரையும் பெரியவர்களின் காரியங்களுக்கு நடுவே சிக்கித் தவிக்கும் இரண்டு குழந்தைகளையும் தவிர அதிகம் மிஞ்சாது. மனைவியை இழந்தவனிலிருந்து புதுமைப்பித்தன் தொடங்குகிறார். படத்தில் அவள் நம் கண்முன்னால் நோயில் வாடிச் சாகிறாள். கடைசியில் ஊரே கூடி அந்தக் கொடியவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. எந்தப் படத்திலும் அது கொண்டாட்டமாகியிருக்க வேண்டிய இடம். ஆனால் உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறான். கரையில் குழந்தைகள் நிற்கிறார்கள். வில்லன் ஒழிந்தான் என்று நிம்மதியாக எழுந்து போக நமக்கு அனுமதி இல்லை. சம்பவங்களை இந்த அளவுக்கு மாற்றியும் மூலத்தின் கடுமையை இந்த அளவுக்குக் காத்த இன்னொரு தமிழ்ப்படம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

இப்போது உன் சோழர்களிடம் வருகிறேன். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறக்கும் இரவில் கல்கி விளக்கை அணைத்துவிடுகிறார். யார் கொன்றது என்று கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியை ஏற்கிறார், மணிமேகலையும் ஏற்கிறாள், வந்தியத்தேவன் சிறைக்குப் போகிறான். கொலையாளிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருந்தும், கதையில் கல்கி அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. படத்தில் அந்தச் சாவை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். நந்தினியின் கையாலேயே கரிகாலன் அதைத் தேடிக்கொள்கிறான். காதலர் இருவரின் சோகமாக அந்தக் காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் எழுபது ஆண்டுகளாக வாசகர்களைத் திண்ணைகளிலும் ரயில்களிலும் வாதாட வைத்த சந்தேகம் அதோடு தீர்ந்துபோயிற்று. மணிமேகலை இல்லாததைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஆசிரியரே தன் கதையை மாற்றுவதில்லையா என்றும் நீ மடக்கலாம். மாற்றுகிறார். ஜெயகாந்தனின் 'அக்னிப்பிரவேசம்' சிறுகதையில் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமானவள் என்று அணைத்துக்கொள்கிறாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1977இல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார். ஆனால் கவனி, அவர் சிறுகதையைத் திருத்தவில்லை. புதுப் பெயரில் புதுக் கேள்வி கேட்டார். இரண்டும் இன்றைக்கும் அருகருகே நிற்கின்றன. சிறுகதை ஆறுதல் தந்த இடத்தில் நாவல் அதை மறுத்தது, அதாவது அவர் மாற்றிய திசை கடினமான திசை. படமெடுப்பவர்களின் கை பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் போகும்.

அந்த எதிர்த் திசையின் மோசமான எல்லை பாலாவின் 'பரதேசி' (2013). ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி. எச். டேனியல், தொழிலாளர் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். படத்துக்கு மூலமான அந்த நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம் அந்த மக்கள் படும் துன்பத்தைக் கண்டு மனம் பதைப்பவர். படத்திலோ அந்த இடத்துக்கு வருவது ஆடிப்பாடி மதம் மாற்றும் ஒரு கேலிச் சித்திரம். இதற்குக் கால அளவோ பெரிய நடிகரோ காரணம் இல்லை. எழுதியவரின் சாட்சியத்தையே கேலியாக்கிய வேலை இது, இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

படம் வந்த பிறகுதான் 'வெக்கை'யை ஏராளமானோர் வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அது உண்மை, மகிழ்ச்சியான செய்தியும்கூட. ஆனால் புத்தகம் விற்றது என்பதால் படம் புத்தகத்துக்கு உண்மையாக இருந்தது என்று ஆகாது. நீயும் படத்தை முதலில் பார்த்தவள். அதற்காக நாவலைத் தள்ளிப்போடாதே. இந்த விடுமுறையிலேயே எடுத்துப் படி, படித்துவிட்டு எனக்கு எழுது. படிக்கும்போது தனுஷின் முகத்தைத் தேடாதே. அந்தக் கதை சிவசாமியின் கதை அல்ல, பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கதை.

அன்புடன்,
பெரியப்பா