கல்லூரிக்கென ஒரு கணக்கு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாமாண்டு)

முன்னுரை

ஒரு குடும்பத்தில் நோய் எப்போது வரும், மழை எப்போது பொய்க்கும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் ஒரு குழந்தை பிறந்த அன்றே அது கல்லூரியில் சேரும் ஆண்டைச் சுவரில் எழுதி வைத்துவிடலாம். பதினேழு, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே நாள் தெரிந்துவிடுகிற பெருஞ்செலவு இது ஒன்றே. அப்படியிருந்தும் நம் மதுரையிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் பெரும்பாலான குடும்பங்கள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த பின்னரே பணம் தேடப் புறப்படுகின்றன. அவ்வாறு அவசரத்தில் தேடப்படும் பணத்தின் விலை என்ன, முன்கூட்டியே சேர்க்கப்படும் பணத்தின் பயன் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இலவசக் கல்விக்கும் செலவு உண்டு

அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நமக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆகவே சேமிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தேர்வுக் கட்டணம், நூல்கள், விடுதி உணவு, உடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இவை தவிர எந்தத் தாளிலும் எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. வேலைக்குச் சென்றிருந்தால் அந்த மாணவனோ மாணவியோ வீட்டிற்குக் கொண்டு வந்திருக்கக்கூடிய கூலிதான் அது. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்பர். ஏழைக் குடும்பத்தில் படிப்பு பாதியில் நிற்பதற்குக் கட்டணத்தைவிட இக்கூலியே பல சமயங்களில் காரணமாகிறது. தனியார் பொறியியல் கல்லூரி, செவிலியர் கல்லூரி என்று போனால் செலவு இலட்சங்களில் செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வட்டியின் கணக்கு

நம் பக்கத்தில் ‘மூன்று வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்று பொருள். கேட்பதற்குச் சிறு தொகையாகத் தோன்றும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 36 விழுக்காடு. மகளின் சேர்க்கைக்காக 50,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கிய தந்தை, மாதம் 1,500 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியும்போது அவர் கட்டியிருக்கும் வட்டி 54,000 ரூபாய். அசல் 50,000 ரூபாயில் ஒரு காசும் குறைந்திருக்காது.

அளவு மீறிய வட்டியைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் ஜூன் மாதத்தில் கட்டணத்திற்கு நாள் குறிக்கப்பட்ட தந்தைக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட நேரமிருப்பதில்லை. சட்டம் தராத பாதுகாப்பை முன்சேமிப்பு ஒன்றே தர இயலும்.

காலம் செய்யும் வேலை

கூட்டுவட்டியைப் புரிந்துகொள்ள எளிய வாய்பாடு ஒன்று உண்டு. 72ஐ வட்டி விழுக்காட்டால் வகுத்தால், பணம் ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும் என்பது தெரியும். 8 விழுக்காடு என்றால் ஒன்பது ஆண்டுகள்.

இப்போது இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மாதம் 1,000 ரூபாய் சேமிக்கின்றன. இரண்டிற்கும் 8 விழுக்காடு வட்டி. முதற்குடும்பம் குழந்தை பிறந்ததும் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் சேமிக்கிறது. இரண்டாவது, குழந்தைக்கு ஒன்பது வயதானபின் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் சேமிக்கிறது. இரண்டாம் குடும்பம் 1,08,000 ரூபாய் கட்டிச் சுமார் 1,56,000 ரூபாய் பெறும். முதற்குடும்பம் அதைப்போல் இருமடங்கு, அதாவது 2,16,000 ரூபாய் கட்டுகிறது. ஆனால் பெறுவது இருமடங்கன்று, மும்மடங்கு. சுமார் 4,69,000 ரூபாய். முதல் ஒன்பது ஆண்டுகளில் சேர்ந்த பணம், அடுத்த ஒன்பது ஆண்டுகளில் தானே இரட்டித்ததுதான் இதன் இரகசியம்.

இதே வாய்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு. விலைவாசியும் கூட்டுவட்டி முறையில்தான் ஏறுகிறது. இன்று ஒரு இலட்சம் ரூபாய் ஆகும் படிப்பு, ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பதினெட்டு ஆண்டுகளில் சுமார் 2,85,000 ரூபாயாகும்; 8 விழுக்காடு ஏறினால் நான்கு இலட்சமாகும். எனவே இன்றைய கட்டணத்தை இலக்காக வைத்துச் சேமிப்பவர் அன்றைக்குப் பற்றாக்குறையையே காண்பார். உண்டியலிலும் அரிசிப் பானையிலும் பணம் வைப்போர் இந்தப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் பின்தங்குகின்றனர்.

வருமானம் வரும் வழியே சேமிப்பின் வழி

சேமிப்புப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை நினைத்தே எழுதப்படுகின்றன. நம் வட்டாரத்தின் வருமானமோ பலவகைப்பட்டது.

மேலூர்ப் பக்கத்து நெல் விவசாயிக்குப் பெரியாறு, வைகைத் தண்ணீர் திறப்பைப் பொறுத்தே வருமானம். ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோதான் அவர் கையில் பணம் தங்கும். அவரிடம் மாதந்தோறும் கட்டச் சொன்னால் மூன்றாம் மாதமே தவணை நின்றுவிடும். அறுவடை முடிந்ததும் ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் கட்டுகிற திட்டமே அவருக்கு ஏற்றது.

மல்லிகை பயிரிடுவோர் நிலை வேறு. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு, மாட்டுத்தாவணிச் சந்தையில் நாள்தோறும் விலை மாறும். பூ கொட்டிக் கிடக்கும் கோடையில் பறிப்புக் கூலிக்கே கட்டாது. பனியில் வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரம் ரூபாயையும் தாண்டும். எங்கள் வீட்டிலும் பூதான் சோறு போடுகிறது. என் அம்மா விலை ஏறிய நாளில் மட்டும் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைப்பார். விலை இறங்கிய நாளில் அதைத் தொடமாட்டார். ஒரு தொகை சேர்ந்ததும் அஞ்சலகத்தில் கட்டிவிடுவார். இந்த முறையை எந்தப் பாடநூலும் அவருக்குக் கற்பிக்கவில்லை. நிலையில்லாத வருமானமுடையோர் நிலையான தவணையை ஏற்பதைவிட, மிகுந்த நாளில் ஒரு பங்கு என்று விதி வகுத்துக்கொள்வதே சிறந்தது என்பதை நான் அவரிடமிருந்தே அறிந்தேன்.

மாதச் சம்பளம் பெறுவோர்க்கும், வாரக்கூலியை மாதத்திற்கு ஒதுக்கி வாழப் பழகியவர்க்கும் அஞ்சலகத் தொடர்வைப்பு பொருந்தும். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம்; ஐந்தாண்டில் முதிரும்.

செல்வமகளும் பொன்மகனும்

2015 ஜனவரி 22 அன்று நடுவண் அரசு தொடங்கிய சுகன்யா சம்ரிதி திட்டம், தமிழகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்று அறியப்படுகிறது. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இக்கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய். மிகுந்தது 1,50,000 ரூபாய். பதினைந்து ஆண்டுகள் கட்டினால் போதும். இருபத்தொன்றாம் ஆண்டில் முதிரும். வட்டியைக் காலாண்டுதோறும் அரசு அறிவிக்கும், தொடக்கத்தில் 9.1 விழுக்காடாக இருந்த அது 2024 ஜனவரியில் 8.2 விழுக்காடாக அறிவிக்கப்பட்டது.

பிறந்த ஆண்டிலேயே தொடங்கி மாதம் 1,000 ரூபாய் கட்டுவதாகவும், 8.2 விழுக்காடு மாறாதிருப்பதாகவும் கொள்வோம். பதினைந்து ஆண்டில் கட்டும் தொகை 1,80,000 ரூபாய். முதிர்வில் கிடைப்பது சுமார் 5,54,000 ரூபாய். மகளுக்குப் பதினெட்டு வயதானதும், அல்லது அவள் பத்தாம் வகுப்பு முடித்ததும், முந்திய ஆண்டு இறுதி இருப்பில் பாதியளவு உயர்கல்விக்கென எடுக்கலாம். நம் கணக்கில் பதினெட்டாம் வயதில் அது சுமார் இரண்டு இலட்சம் ரூபாய் ஆகும். விலைவாசி ஏற்றத்தை எண்ணிப் பார்த்தால் இது ஓரளவே போதுமானது. எனவே வருமானம் உயரும்போதெல்லாம் தவணையையும் உயர்த்துவது நன்று.

இத்திட்டத்தில் பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிறைந்ததும் கணக்கை நடத்தும் உரிமை பெற்றோரிடமிருந்து மகளுக்கு மாறுகிறது. 2015ஆம் ஆண்டில் ஒன்பது வயதில் கணக்குத் தொடங்கப்பட்ட சிறுமி, 2024ஆம் ஆண்டில் பதினெட்டை அடைந்துவிட்டாள். ஆகவே இது இனி வரப்போகும் செய்தியன்று. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் செய்தி.

ஆண் குழந்தைகளுக்குத் தமிழக அஞ்சல் துறை 2015ஆம் ஆண்டில் பொன்மகன் பொதுவைப்பு நிதி என்ற பெயரில் கணக்குகளைத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள பொது வருங்கால வைப்பு நிதியின் மறுபெயரே இது. பதினைந்து ஆண்டில் முதிரும்.

நகை, சீட்டு, பங்கு

பெண் குழந்தை பிறந்தால் தெற்காவணி மூல வீதிக்குச் சென்று பொன் வாங்குவது நம் வழக்கம். பொன்னின் விலை நெடுங்காலமாக ஏறி வந்திருப்பது உண்மையே. ஆனால் நகையாக வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்புவதில்லை. மேலும் நகை என்றாலே அது கல்யாணத்திற்கு என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. கல்லூரிக்காக அதை விற்க எந்த வீடும் எளிதில் உடன்படாது. தேவை வந்தால், அடகுக் கடையைவிட வங்கியில் நகைக்கடன் பெறுவது வட்டியில் பெரும் வேறுபாட்டைத் தரும்.

ஏலச்சீட்டு நம் கடைவீதிகளின் பழைய துணை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டுக்குப் பதிவுத்துறையின் கண்காணிப்பு உண்டு. பதிவில்லாத சீட்டுக்கு நம்பிக்கை ஒன்றே ஈடு. அளவிற்கு மீறிய வட்டி தருவதாகக் கூறி மக்களின் வைப்புத் தொகையைப் பெற்று மறைந்த நிறுவனங்கள் பெருகியதால்தான், 1997ஆம் ஆண்டில் தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அவ்வழக்குகளை விசாரிக்க மதுரையிலேயே தனி நீதிமன்றம் அமைந்தது என்றால், இழந்தோர் தொகை எத்தகையதென நாம் ஊகிக்கலாம். அஞ்சலகம் தரும் வட்டியைப்போல் இருமடங்கு தருகிறோம் என்று ஒருவர் உறுதி கூறினால், அந்த உறுதிதான் முதல் எச்சரிக்கை.

பங்குச் சந்தை சார்ந்த பரஸ்பர நிதிகள் நீண்ட காலத்தில் கூடுதல் பயன் தரக்கூடும், குறையவும் கூடும். 1964ஆம் ஆண்டில் தொடங்கிப் பல இலட்சம் நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்த யூனிட் டிரஸ்டின் யூ.எஸ். 64 திட்டம், 2001 ஜூலையில் பணம் திருப்பித் தருவதையே சில மாதங்கள் நிறுத்தியது. கல்லூரிச் சேர்க்கை அப்படிக் காத்திருக்காது. எனவே இந்நிதிகளில் சேமிப்போரும், பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது பணத்தைச் சிறிது சிறிதாக நிலையான வைப்பிற்கு மாற்றிக்கொள்வது அறிவுடைமை. வங்கி வைப்பிற்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு என 2020ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டதையும் நினைவிற் கொள்க.

கடனும் உதவியும்

சேமிப்பே இல்லாத வீட்டுப் பிள்ளையும் படிக்கத்தான் வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி நான்கு இலட்சம் ரூபாய் வரை குடும்பம் தன் பங்காக முன்பணம் போட வேண்டியதில்லை. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை இல்லை. மூன்று வட்டிக் கடனுக்கு முதல் மாதமே வட்டி கட்ட வேண்டும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் ஒதுக்கப்பட்டன.

மற்றொரு மாற்றம் நம் சிந்தனைக்குரியது. ஏழைப் பெண்களின் திருமணத்திற்கென 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், 2022ஆம் ஆண்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக, ‘புதுமைப்பெண்’ என்ற பெயருடன் மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. திருமணத்திற்கென்று ஒதுக்கிய பணத்தைக் கல்லூரிக்கென்று அரசே திருப்பிவிட்டது. வீடுகளும் அவ்வாறு திருப்ப வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஒரு பெண்ணின் பெயரில் உள்ள பணம் அவள் படிப்பிற்கா, கல்யாணத்திற்கா என்ற வினாவை அவளுக்குப் பதினெட்டு வயதாகும்போது எழுப்பினால் பெரும்பாலும் கல்யாணமே வெல்லும். கணக்குத் தொடங்கும் அன்றே ‘இது படிப்புக்கு’ என்று வீட்டில் எல்லோரும் அறியச் சொல்லிவிட்டால் அவ்வினா எழாது.

முடிவுரை

மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் ஒரு பள்ளியை ஊரார் பிடி அரிசி சேர்த்தே நடத்தினர். வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கப்பட்டது. அந்தச் சத்திரிய வித்தியாசாலையில் பயின்ற மாணவருள் ஒருவர் காமராசர். பசி தீர்ந்த பின் மிஞ்சியதை அவ்வூரார் சேமிக்கவில்லை. சமைக்கும் முன்பே எடுத்து வைத்தனர். சேமிப்பின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தில் முதற்பட்டதாரிகள். படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆளும் நாமே. தம்பிக்கோ தங்கைக்கோ, அக்காள் குழந்தைக்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ ஒரு கணக்குத் தொடங்க, வரும் விடுமுறையில் ஒரு முற்பகல் போதும். பிறப்புச் சான்றும், பெற்றோரின் ஆதார் அட்டையும், 250 ரூபாயும் எடுத்துக்கொண்டு ஊர்க் கிளை அஞ்சலகத்திற்கு அவர்களுடன் செல்வோம். அக்குழந்தை கல்லூரி வாயிலை அடையும் ஆண்டில், அதன் தந்தை வட்டிக்கடை வாயிலில் நிற்க வேண்டியிராது.