எக்செல் திறக்காத லாக் ஃபைலை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஊட்டி, குன்னூர் போகும் பயணிகளுக்காக டாக்சி புக்கிங் வெப்சைட் நடத்துகிறேனுங்க. மே மாத சீசனில் சைட் அடிக்கடி படுத்துவிடுகிறது. காரணம் என்ஜின்எக்ஸ் லாக்கில் இருக்கும் என்கிறார்கள். அதை எக்செலில் திறந்தால் பாதி வரிகளைக் காணோம். தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?
- வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வேண்டியதில்லை. எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் ஏற்காது, மிச்சத்தை விட்டுவிடும். உங்கள் லினக்ஸ் சர்வரிலேயே வேண்டிய கருவிகள் இருக்கின்றன. அவற்றைக் கோக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு நேராக அனுப்புவதே பைப். தோட்டத்து ஹோஸ்களை மாட்டுவதுபோல் புரோகிராம்களையும் மாட்ட வழி வேண்டும் என்று பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராய் 1964-ல் எழுதினார். கென் தாம்ப்சன் 1973-ல் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தார். கீபோர்டில் உள்ள செங்குத்துக் கோடுதான் அதன் குறி. கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில், சைட் படுத்த நேரத்தை மட்டும் கிரெப் கொண்டு பிரித்தெடுங்கள். சர்வர் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி-யில் ஓடும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மலை ரயில் காலை 7.10-க்குப் புறப்படும்போது லாக்கில் 01:40 என்றிருக்கும்.

அடுத்து, அந்த நேரத்தில் வந்தது யார்? ஆக் (awk) கட்டளையால் வரியின் முதல் பகுதியான ஐபி முகவரியை எடுத்து, சார்ட்டுக்கு அனுப்புங்கள். பிறகு யூனிக் (uniq, மைனஸ் சி), மறுபடி சார்ட் (மைனஸ் ஆர்என்), கடைசியில் ஹெட். அதிகம் வந்த பத்து முகவரிகள் எண்ணிக்கையோடு வரும். முதல் சார்ட்டை விட்டுவிடாதீர்கள். யூனிக் அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒப்பிடும்; சிதறிக் கிடக்கும் முகவரியைத் துண்டு துண்டாக எண்ணிவிடும்.

பட்டியலில் முதலில் நிற்கும் முகவரியை உடனே தடுத்துவிட வேண்டாம். மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபி-யில் அனுப்புவதுண்டு. நிஜமான பயணிகளையே கதவடைத்து அனுப்பிவிடுவீர்கள். ஆக்குக்கு இரட்டை மேற்கோள்குறியைப் பிரிப்பானாகக் கொடுத்து, ஆறாவது பகுதியைப் பாருங்கள். அங்கே பிரவுசரின் பெயர் இருக்கும். ஒரு முகவரியில் விதவிதமான போன்கள் தெரிந்தால் மனிதர்கள். ஒரே பெயர் விடாமல் வந்தால் போட், அதாவது தானாக ஓடும் புரோகிராம் என்று சந்தேகிக்கலாம். அந்தப் பெயரையும் பொய்யாகப் போட முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

மேற்கோள்குறிப் பிரிப்பானை எடுத்துவிட்டு முன்போல் ஆக்கை ஓட்டினால், வழக்கமான லாக் அமைப்பில் ஏழாவது பகுதி எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்று சொல்லும்; ஒன்பதாவது பகுதி ஸ்டேட்டஸ் கோட். 499 குவிந்திருந்தால், பதில் வருமுன்னே பயணிகள் விலகிப் போகிறார்கள். 504 என்றால் என்ஜின்எக்ஸுக்குப் பின்னாலுள்ள புக்கிங் அப்ளிகேஷன் நேரத்துக்குப் பதில் தரவில்லை, டேட்டாபேஸைப் பாருங்கள். போட்தான் என்று உறுதியானால் என்ஜின்எக்ஸிலேயே அதன் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். பெரிய சர்வர் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள்.