இரத்த யூரியா: ஓர் எண்ணும் என் பிழையும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

எங்கள் வீட்டு நாய் மணிக்கு 11 வயது. சென்ற ஆண்டு அது வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. கால்நடை மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். ‘யூரியா நைட்ரஜன் 24 மில்லிகிராம்’ என்று சீட்டு வந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

“என்னப்பா போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“28 வரைக்கும் இருக்கலாம்பா. கிட்னி நல்லா இருக்கு” என்றேன். சிறுநீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான்தான் வேண்டாமென்று விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோது அந்த எண் 130. மணி பிழைக்கவில்லை.

உயிர்வேதியியல் வகுப்பில்தான் என் பிழை விளங்கிற்று. புரதம் சிதையும்போது அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றுகிறது. இச்சுழற்சியைக் கிரெப்சும் ஹென்சலைட்டும் 1932-இல் கண்டறிந்தனர். யூரியாவை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். வடிகட்டல் குன்றினால் யூரியா இரத்தத்தில் தேங்கும். சோதனைக் குழாயில் டைஅசிட்டைல் மோனாக்சிமும் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். யூரியா மிகுந்தால் நிறமும் மிகும். பார்க்க அழகான சோதனைதான்!

ஆனால் சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் தேவைக்கு மேல் உள்ளன. ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பின்னரே யூரியா இயல்பளவைத் தாண்டுகிறது. சிறுநீரைச் செறிவாக்கும் திறனோ அதற்கு முன்பே குறைந்துவிடும். நீர் வீணாகப் போவதால்தான் நாய் ஓயாமல் குடிக்கிறது. நலமான நாய் தேவைப்படும்போது சிறுநீரின் ஒப்படர்த்தியை 1.030-க்கு மேல் உயர்த்த வல்லது. அது எப்போதும் 1.008-க்கும் 1.012-க்கும் இடையிலேயே நின்றால் ஐயப்பட வேண்டும். இதைப் பார்க்க ஒளிவிலகல்மானியில் இரண்டு சொட்டுச் சிறுநீர் போதும்.

யூரியா கூடினாலும் உடனே சிறுநீரகத்தின் மேல் பழி போடலாகாது. நீர்வறட்சி, குடலில் இரத்தக்கசிவு, மிகுந்த புரத உணவு ஆகியவையும் அதனைக் கூட்டும். மாடு இன்னும் வேறு விதம். உமிழ்நீர் வழியாக யூரியா அசையிரைப்பைக்குத் திரும்ப, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புரதமாக்கிவிடுகின்றன. ஆகவே மாட்டுக்குக் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கோழி வெளியேற்றுவது பெரும்பாலும் யூரிக் அமிலமே. அங்கே யூரியாச் சோதனை அவ்வளவாக உதவாது.

இதையெல்லாம் சென்ற மாதம்தான் அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அன்னைக்கே மூத்திரம் கேட்டாங்களேப்பா” என்றார்.