ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்

பிள்ளைகளே, சந்தோஷ் கோப்பை தெரியுமா? மாநில அணிகள் மோதும் கால்பந்துப் போட்டி; 1941இல் தொடங்கியது. நாம் வாழும் இம்மாநிலம் 'மைசூர்' என்ற பெயரில் நான்கு முறை வென்றது, கடைசியாக 1968-69இல். 1973இல் 'கர்நாடகம்' ஆன பின் கோப்பை வரவேயில்லை.

நீலசந்திராவில் எங்கள் வீட்டில் கால்பந்து என்றாலே சண்டைதான். கல்லூரி அணியில் ஆடும் மகனிடம், "பந்து சோறு போடுமாடா?" என்பேன்.

2023 மார்ச் 4. இறுதி ஆட்டம் சவுதியின் ரியாத் நகரில். இரவு இருவரும் தொலைக்காட்சி முன் அமர்ந்தோம். தொடக்கத்திலேயே சுனில்குமார் கோல் போட்டார். மேகாலயா விடவில்லை; முடிவு 3-2. கோப்பை நமக்கு! மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பேசவில்லை.

மறுநாள் அவனுடைய கிழிந்த பூட்ஸை நானே தைக்கக் கொடுத்தேன்.