நரம்பு தளர்ந்த பாதங்களும் வீட்டுப் பயிற்சியும்

மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், கரும்பு வெட்டிய கொல்லையில் நடப்போர் அதன் கூரிய அடிக்கட்டைகள் காலில் தைப்பதை நன்கறிவர். தைத்தவுடன் வலிக்கிறது, காலை எடுத்து விடுகிறோம். வலி அறியாத பாதத்தையுடையவரோ அன்று மாலை வரை அக்காயத்தின் மீதே நடக்கிறார். இரவில் பாயில் படிந்த இரத்தக் கறையைக் கண்ட பின்னரே காயம் பட்டதை அறிகிறார். ஆகவே இவ்விஷயத்தைக் குடியானவர்களின் கவனத்திற்குக் கொண்டு வருகிறோம்.

காரணம்

நமது பகுதியில் இக்கேட்டை விளைவிக்கும் முக்கிய நோய்கள் இரண்டு. ஒன்று நீரிழிவு, மற்றொன்று தொழுநோய். நீரிழிவில் இரத்தத்திலுள்ள மிகுதியான சர்க்கரை நரம்புகளையும், அவற்றிற்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. மிக நீண்ட நரம்புகள் முதலில் கெடுவதால், மரமரப்பு கால் விரல்களில் தொடங்கி மேலேறுகிறது. தொழுநோயில், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு கெட்டால் முன்பாதம் தொங்கிவிடும். கணுக்காலின் உட்புற நரம்பு கெட்டால் உள்ளங்கால் உணர்விழந்து, விரல்கள் மடங்கும். உள்ளங்காலின் சிறு தசைகள் மெலிந்தால் பாதத்தின் வளைவு குலைந்து, உடலின் பாரம் ஓரிரு இடங்களிலேயே அழுந்தும். அவ்விடங்களில் புண் உண்டாகும்.

வேலூர் கற்பித்த பாடம்

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவருடைய அன்னையார் ஈவ்லின் தமது முதுமையில் நமது கல்வராயன் மலையிலும் தொண்டாற்றியவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்பதே அக்காலத்தோர் எண்ணம். உணரப்படாத காயங்களும், ஓயாத அழுத்தமும், சூடுமே பெரும்பாலான அழிவுக்குக் காரணமென்று பிராண்டு கண்டறிந்தார். தொங்கிய பாதத்தை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையும், மென்மையான ரப்பர் அடிப்பாகமுள்ள செருப்பும் வேலூரிலும் அதனையடுத்த கரிகிரியிலும் வளர்ந்தன. உணர்வு போன பாதத்தையும் காப்பாற்றலாம் என்பதே இதன் சாரம்.

சோதிக்கும் முறை

நோயாளி கண்களை மூடிக்கொள்ள, வீட்டிலுள்ள ஒருவர் அவருடைய இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடில் மருத்துவரிடம் காட்டுக.

பயிற்சிகள்

திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து, பாதங்கள் தரையில் படியுமாறு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பத்துமுறை செய்க.

1. தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் தம்மை நோக்கிச் சுருட்டுதல்.
2. குதிகாலும் விரல்களும் தரையிலிருக்க, விரல்களை மடக்காமல் உள்ளங்கால் வளைவை மட்டும் உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துதல்.
3. விரல்களை அகல விரித்துச் சேர்த்தல்.
4. குதிகாலை ஊன்றி முன்பாதத்தை உயர்த்துதல். உயர்த்த இயலாதவர் காலை நீட்டி, பாதத்தில் துண்டைக் கோத்து அரை நிமிஷம் மெல்ல இழுத்துப் பிடிக்கவும். இதனால் குதிநரம்பு சுருங்காது.
5. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, இரு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குதல்.

எச்சரிக்கை

இறந்த நரம்பைப் பயிற்சி உயிர்ப்பிக்கும் என்று எவரும் எண்ணலாகாது. எஞ்சிய தசைகளுக்கு வலுவும் மூட்டுகளுக்கு இளக்கமும் தருவதே அதன் பயன். சர்க்கரையை அடக்குவதும் மருந்துண்பதும் நிற்கக்கூடாது. புண்ணுள்ள பாதத்திற்கும், வீங்கிச் சூடேறிய பாதத்திற்கும் பயிற்சி ஆகாது. காலை ஊன்றாமல் உடனே மருத்துவரை நாடுக. நாள்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பார்க்கவும். குனிய இயலாதார் கண்ணாடியைக் கொண்டு பார்க்கலாம். வெந்நீரின் சூட்டை முழங்கையால் அறிக. ஆணிக்காலைப் பிளேடால் அறுக்கலாகாது. செருப்பை உதறிப் பார்த்து அணிக. கொல்லைக்கும் வெறுங்காலுடன் செல்லற்க.

கிராம அதிகாரிகளுக்கு

உணர்வற்ற தேமலோ, தொங்கிய பாதமோ உடையவரைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவது அதிகாரிகளின் கடமை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசம். ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் சிகிச்சை முடியும். நரம்பு கெட்டு ஆறு மாதத்திற்குள் வந்தால், தக்க மருந்தினால் இழந்த வலுவில் பெரும்பகுதி திரும்பவும் கூடும். நாட்கடந்து வந்தால் அவ்வாய்ப்பு குறையும். நோயாளியை ஒதுக்கி வைக்கும் ஊரில் நோய் மறைக்கப்படுகிறது. மறைக்கப்படும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்கு நஷ்டமே.

ஏர்மாட்டின் குளம்பைத் தினமும் தூக்கிப் பார்த்து லாடத்தைச் சரி செய்யும் குடியானவர், தமது பாதத்திற்கும் அவ்வளவு கவனம் செலுத்துவாராயின், அக்கால் அவரை முதுமை வரை வயலுக்குக் கொண்டுசெல்லும்.