சர்க்கரை நோயும் கண்ணும்: கம்ப்யூட்டர் சொன்ன பிறகு நாம் செய்ய வேண்டியது



ஒரு குழுக் கூட்டத்தில் கடன் பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரம். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வந்த ஓர் அக்கா, கோடு தெரியாமல் பக்கத்துப் பெயரின் மேலேயே எழுதிவிட்டார். "என்னக்கா, கண்ணாடி போடலையா?" என்று கேட்டோம். "போட்டாலும் அப்படித்தாம்மா இருக்கு. ஒரு கண்ணுல புகை அடிச்ச மாதிரி தெரியுது" என்றார்.

அவருக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. முந்தின வருஷம் ஊரில் நடந்த முகாமில் கண்ணைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் பார்த்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டும் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக இருந்தது. அக்காதான் போகவில்லை. "அப்ப கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சுது. களை எடுக்கிற வேலையை விட்டுட்டு எதுக்குப் போகணும்னு இருந்துட்டேன்" என்றார்.

'நல்லாத்தானே தெரிஞ்சுது' என்ற அந்த வார்த்தைக்காகத்தான் இந்த மாதப் பாடம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

நம் கண்ணின் உள்பக்கச் சுவரில் விழித்திரை என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்தக் குழாய்கள் பலவீனமாகி வீங்கும், கசியும், சில இடங்களில் அடைத்துக்கொள்ளும். முற்றிய நிலையில் தரமில்லாத புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்.

இதில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. கண் நன்றாகத் தெரியும்போதே உள்ளே கசிவு நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, தேவைப்பட்டால் லேசர் அல்லது ஊசி மூலம் பார்வையைக் காப்பாற்றலாம். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். இத்தனை பேரின் கண்ணையும் வருஷம் ஒரு தரம் பார்க்கக் கண் மருத்துவர்கள் போதாது. அதனால்தான் 'செயற்கை நுண்ணறிவு' என்ற கம்ப்யூட்டர் முறையை இதற்குப் பழக்குகிறார்கள்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்தையில் பத்து வருஷம் மிளகாய் வத்தல் வாங்கிப் பழகியவர், கையில் அள்ளியதுமே பூஞ்சை பிடித்த வத்தலைச் சொல்லிவிடுவார். யாரும் அவருக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் பழக்குகிறார்கள்.

கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அமெரிக்காவில் 54 பேர் கொண்ட கண் மருத்துவர் குழு அந்தப் படங்களைப் பார்த்து, நோய் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று முன்பே குறித்துக் கொடுத்திருந்தது. அமெரிக்கப் படங்களோடு நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலையில் இருந்தவர்களில், மதுரையில் நூற்றுக்குச் சுமார் 89 பேரையும் சென்னையில் 92 பேரையும் கம்ப்யூட்டர் சரியாகப் பிடித்தது. அமெரிக்க அரசு 2018-லேயே, மருத்துவர் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்துவிட்டது.

எங்கே தவறும்?

கணக்கை நாம்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 89 என்றால், மீதி 11 பேரைத் தவறவிட்டது என்றுதானே அர்த்தம்? அதனால் 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் அடுத்த வருஷம் மறுபடி பார்க்க வேண்டும். அதோடு, எந்த நோய்க்குப் பழக்கினார்களோ அதைத்தான் அது தேடும். கண்ணில் வேறு தொந்தரவு இருந்தால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

படம் தெளிவாக இல்லாவிட்டாலும் பிரச்சினைதான். தாய்லாந்தில் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் இதைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் 2020-இல் வெளிவந்தது. வெளிச்சம் சரியில்லாதது போன்ற காரணங்களால், ஐந்தில் ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தூரத்து ஊர் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். ஒரு நாள் வேலை போகுமே என்று அவர்களும் கவலைப்பட்டார்கள். நம் அக்காவின் கவலையும் அதேதான்.

கம்ப்யூட்டர் சில நிமிஷத்தில் முடிவைச் சொல்லிவிடும். பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அதற்குத் தெரியாது. அந்த வேலை நம்முடையது.

குழுவாக என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். ஆகவே இது நமக்குப் புது வேலை இல்லை.

• சர்க்கரை இருப்பவர்கள் வருஷம் ஒரு தரம் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கண்ணாடி பவர் பார்ப்பது வேறு, விழித்திரை பார்ப்பது வேறு. "விழித்திரை பார்க்கணும்" என்று கேட்டுச் சொல்லுங்கள்.
• ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே கண்ணைக் காட்ட வேண்டும்.
• திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.
• சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். துணைக்கு ஓர் உறுப்பினர் கூடப் போக வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது.
• போக்குவரத்துச் செலவுக்குப் பணம் இல்லை என்றால் குழுவின் உள்கடனில் முன்னுரிமை கொடுத்துத் தீர்மானம் போடலாம்.
• யாருக்கு என்ன நோய் என்பதை அவர் சம்மதமில்லாமல் கூட்டத்தில் படிக்க வேண்டாம்.

அந்த அக்காவை அடுத்த வாரமே, ஊக்குநரும் நாங்களுமாகக் கூட்டிப் போனோம். லேசர் வைத்தார்கள். மங்கிய கண்ணில் பழைய பார்வை முழுதாக வராது என்று டாக்டர் சொன்னார். மற்றக் கண்ணைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். இப்போது தவறாமல் போய்வருகிறார். "சீட்டு குடுத்த அன்னைக்கே யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தா" என்று அவர் சொன்னது எங்கள் காதிலேயே நிற்கிறது.

கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

1. நம் குழுவில் சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாக விழித்திரை பார்த்தது எப்போது?
2. 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்ற சீட்டு யார் வீட்டிலாவது சும்மா இருக்கிறதா?
3. நமக்குப் பக்கத்தில் லேசர் வசதி உள்ள அரசு மருத்துவமனை எது? கண் பிரிவு எந்தெந்தக் கிழமை? கேட்டு வந்து சொல்லும் பொறுப்பு யாருக்கு?

மூன்றாவது கேள்விக்குப் பதிலைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம்.